அமெரிக்காவின் 'பின்வாசல்' ராத் கணக்கு: ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி கட்டாமல் இருப்பது எப்படி?

ஜனவரி மாதக் கடைசியில் அமெரிக்க நிதி நிறுவனத்திடமிருந்து ஒரு படிவம் வருகிறது. அதன் பெயர் 1099-ஆர். முதல் கட்டத்தில் 7,000 டாலர். 'வரிக்குரிய தொகை' என்று போட்டிருக்கும் கட்டத்திலும் அதே 7,000 டாலர்.

"நான் ஏற்கெனவே வரி கட்டின பணம்தானே இது? மறுபடியும் ஏன் கேக்குறாங்க?"

நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்கா சென்ற ஆண்டு அந்தப் படிவத்தைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்ட கேள்வி இது. அங்கு வசிப்போருக்கு மட்டுமல்ல, சிங்கப்பூரில் வேலை செய்யும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்போருக்கும் இதே குழப்பம் வரலாம். அவர்கள் உலகில் எங்கு வசித்தாலும், வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அமெரிக்காவில் வரிக் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும்.

உண்மையில் அந்தப் பணத்துக்கு இரண்டாவது தடவை வரி கிடையாது. ஆனால் "ஏற்கெனவே கட்டிவிட்டேன்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் இடம் 8606 என்ற இரண்டு பக்கப் படிவம்.

அது என்ன பின்வாசல்?

ஐஆர்ஏ என்பது ஒருவர் தாமே திறந்து பணம் போடும் ஓய்வுக்காலக் கணக்கு. நம் மத்திய சேமநிதியைப் போல முதலாளி சம்பளத்தில் பிடித்துக் கட்டுவதல்ல.

அதில் இரண்டு வகை முக்கியம். பாரம்பரிய ஐஆர்ஏ-வில் போடும் பணத்துக்குச் சிலருக்கு அந்த ஆண்டே வரிக் கழிவு கிடைக்கும். பிற்காலத்தில் எடுக்கும்போது வரி கட்ட வேண்டும். ராத் ஐஆர்ஏ அப்படியே தலைகீழ். வரி கட்டிய பணத்தைப் போடுகிறீர்கள். விதிமுறைப்படி எடுத்தால் அசலுக்கும் வரி இல்லை, பல ஆண்டு வளர்ச்சிக்கும் வரி இல்லை. 1997-இல் வந்த சட்டம் இதை உருவாக்கியது. டெலவேர் மாநில செனட்டர் வில்லியம் ராத்தின் பெயரையே கணக்குக்கும் வைத்துவிட்டார்கள்.

இவ்வளவு நல்ல கணக்கு என்றால் எல்லாரும் போடலாமா? முடியாது. வருமான வரம்பு உண்டு. 2025 வரி ஆண்டில், தனிநபரின் வருமானம் 150,000 டாலரைத் தாண்டினால் ராத் கணக்கில் நேரடியாகப் போடக்கூடிய தொகை குறையத் தொடங்கும். 165,000 டாலரில் அது பூஜ்யம். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 236,000 முதல் 246,000 டாலர் வரை.

பாரம்பரிய ஐஆர்ஏ-வில் பணம் போட அப்படி வருமான வரம்பு இல்லை. வரிக் கழிவு கிடைக்காமல் போகலாம், அவ்வளவுதான். பாரம்பரியக் கணக்கிலிருந்து ராத் கணக்குக்கு மாற்றுவதற்கு மட்டும் ஒரு காலத்தில் 100,000 டாலர் வருமான வரம்பு இருந்தது. 2010-இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து வழி திறந்துவிட்டது. வரிக் கழிவு கேட்காமல் பாரம்பரிய ஐஆர்ஏ-வில் பணம் போடுவது, பிறகு அதை ராத் கணக்குக்கு மாற்றுவது. முன்வாசலில் நிறுத்தப்பட்டவர் பின்வாசலில் நுழைவதால் அந்தப் பெயர்.

பெயரைக் கேட்டால் ஏதோ திருட்டு வேலை போலத் தெரியும். ஆனால் இது சட்டப்படியே செய்யப்படுவது. 2017 வரிச் சட்டத்துக்கான நாடாளுமன்றக் கூட்டுக்குழு அறிக்கையே இந்த வழியை ஏற்றுக் குறிப்பிட்டிருக்கிறது. 2021-இல் இதை மூட ஒரு மசோதா கீழவையில் நிறைவேறியது. செனட்டில் அது நகரவில்லை.

2025-க்கு ஒருவர் போடக்கூடியது 7,000 டாலர். 50 வயதும் அதற்கு மேலும் என்றால் 8,000. 2026-க்கு 7,500 டாலராகவும், 50 வயதைத் தொட்டவர்களுக்கு 8,600 டாலராகவும் உயர்ந்திருக்கிறது.

நிதி நிறுவனம் ஏன் முழுத் தொகையையும் 'வரிக்குரியது' என்கிறது?

அதற்குத் தெரியாது என்பதுதான் காரணம். நீங்கள் போட்ட பணத்துக்கு வரிக் கழிவு கேட்டீர்களா இல்லையா, வேறு இடத்தில் இன்னொரு ஐஆர்ஏ வைத்திருக்கிறீர்களா என்பதெல்லாம் அந்த நிறுவனத்தின் ஏட்டில் இல்லை.

அதனால் 1099-ஆர் படிவத்தில் 2ஏ கட்டத்தில் முழுத் தொகையையும் எழுதிவிட்டு, பக்கத்தில் 2பி கட்டத்தில் 'வரிக்குரிய தொகை நிர்ணயிக்கப்படவில்லை' என்ற பெட்டியில் அடையாளம் இடுவார்கள். சின்னப் பெட்டி. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. நிறுவனம் தவறு செய்துவிட்டது என்று நினைத்து, படிவத்தைத் திருத்தித் தரச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். திருத்த அதில் எதுவும் இல்லை.

7-ஆம் கட்டத்தையும் பாருங்கள். 59½ வயதுக்குக் கீழ் இருந்தால் மாற்றத்துக்கு வழக்கமாக 2 என்ற குறியீடு, மேலே இருந்தால் 7. அங்கே 1 என்று இருந்தால் அதை முன்கூட்டிய பண எடுப்பாகப் பதிவு செய்திருக்கலாம். அப்போது நிறுவனத்தைக் கேட்பது நியாயம்.

எல்லாம் ஒரே ஆண்டில் நடந்தால்

இதுதான் எளிய வழி. 2025 மார்ச்சில் 7,000 டாலர் போட்டீர்கள். சில நாள்கள் கழித்து மாற்றும்போது வட்டியோடு 7,004 டாலர் ஆகியிருந்தது. முழுவதையும் மாற்றிவிட்டீர்கள். வேறு பாரம்பரிய ஐஆர்ஏ எதுவும் இல்லை.

8606 படிவத்தின் முதல் பகுதியில் 1-ஆம் வரியில் 7,000. கழிவு கேட்காமல் இந்த ஆண்டுக்குப் போட்ட பணம் அது. 2-ஆம் வரி, முந்தைய ஆண்டுகளிலிருந்து வந்த 'வரி கட்டிய அசல்'. உங்களுக்கு அது பூஜ்யம். 6-ஆம் வரி டிசம்பர் 31-இல் உங்கள் எல்லா ஐஆர்ஏ கணக்குகளிலும் இருந்த தொகை. அதுவும் பூஜ்யம். 8-ஆம் வரியில் மாற்றிய 7,004.

இரண்டாம் பகுதியில் 16-ஆம் வரியில் 7,004, 17-இல் 7,000, 18-இல் வெறும் 4. அந்த 4 டாலருக்குத்தான் வரி. முதன்மைப் படிவமான 1040-இல் 4ஏ வரியில் 7,004, 4பி வரியில் 4 என்று வர வேண்டும்.

சில மென்பொருள்கள் 6 முதல் 12 வரையிலான வரிகளைக் காலியாக விட்டு, 13-ஆம் வரியில் ஒரு நட்சத்திரக் குறி போடும். பயப்பட வேண்டாம். ஐஆர்எஸ் வெளியிடும் ஒரு துணைக் கணக்குத் தாளைப் பயன்படுத்தியதற்கான அடையாளம் அது. 4பி-யில் உள்ள தொகை சரியா என்று பார்த்தால் போதும்.

அங்கே 7,004 என்றே நின்றால் என்ன இழப்பு? 24 விழுக்காடு வரி கட்டுபவருக்குச் சுமார் 1,680 டாலர். அதுவும் ஒருமுறை கட்டிய பணத்துக்கே மறுபடியும்.

இரண்டு ஆண்டுகளில் நடந்தால்?

இங்குதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள்.

2025-க்கான பணத்தை 2026 ஏப்ரல் 15 வரை போடலாம். ஆனால் மாற்றத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்த நாள்காட்டி ஆண்டில் மாற்றினீர்களோ அந்த ஆண்டுக் கணக்கில்தான் அது வரும்.

2026 பிப்ரவரியில் 2025-க்கென 7,000 டாலர் போட்டு, மார்ச்சில் மாற்றினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2025 கணக்கில் 8606 படிவம் வேண்டும். அதில் 1-ஆம் வரியில் 7,000, 3-ஆம் வரியில் 7,000, அங்கிருந்து நேராக 14-ஆம் வரிக்குப் போய் 7,000. இடையில் எதுவும் இல்லை. 14-ஆம் வரி என்பது அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் அசல்.

மாற்றம் 2026 கணக்கில் வரும். அதற்கான 1099-ஆர் 2027 ஜனவரியில்தான் கையில் கிடைக்கும். இதனால் ஒரு விபரீதம் நடக்கிறது. 2025 கணக்கைத் தாக்கல் செய்யும்போது எந்தப் படிவமும் கையில் இல்லை. "ஒண்ணும் வரலையே, அப்போ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று விட்டுவிடுகிறார்கள். பணம் போட்டதற்கான 5498 படிவமும் மே மாதக் கடைசியில்தான் வரும், தாக்கல் முடிந்த பிறகு.

அடுத்த ஆண்டு 8606 படிவத்தின் 2-ஆம் வரி கேட்கும்: முந்தைய அசல் எவ்வளவு? பழைய படிவம் இல்லை என்றால் மென்பொருள் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். 7,000 டாலரும் வருமானமாகிவிடும்.

அதே 2026-இல் அந்த ஆண்டுக்கான 7,500 டாலரையும் போட்டு, மொத்தம் 14,500 டாலரை மாற்றுபவர்களும் உண்டு. அப்போது 1-ஆம் வரியில் 7,500, 2-ஆம் வரியில் 7,000, 8-ஆம் வரியில் 14,500. வட்டி எதுவும் சேராமலிருந்து, டிசம்பர் 31-இல் கணக்குகள் காலியாகவும் இருந்தால் வரிக்குரிய தொகை பூஜ்யம். ஒரே ஆண்டில் இரண்டு ஆண்டுக்கான பணம் மாறியிருந்தாலும் தவறில்லை. மாற்றத்துக்கு ஆண்டு வரம்பு கிடையாது, போடுவதற்குத்தான் உண்டு.

ஒவ்வோர் ஆண்டும் அந்தந்த ஆண்டுக்குள் போட்டு அந்தந்த ஆண்டுக்குள் மாற்றிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

பழைய ஐஆர்ஏ ஒன்று மிச்சமிருக்கிறதா?

முன்பு வேலை செய்த நிறுவனத்தின் 401(கே) கணக்கை ஐஆர்ஏ-வாக மாற்றி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது.

பாலில் தண்ணீர் கலந்த பிறகு பாலை மட்டும் தனியாக ஊற்ற முடியாது அல்லவா? அமெரிக்க வரிச் சட்டம் ஐஆர்ஏ-வை அப்படித்தான் பார்க்கிறது. எத்தனை நிறுவனங்களில் எத்தனை கணக்கு இருந்தாலும், உங்கள் பாரம்பரிய ஐஆர்ஏ-க்கள் எல்லாம் ஒரே பாத்திரம். சுயதொழில் செய்வோரும் சிறு நிறுவனங்களும் பயன்படுத்தும் செப், சிம்பிள் வகை ஐஆர்ஏ-க்களும் அதே பாத்திரத்தில் சேரும்.

வரி கட்டாத 63,000 டாலர் பழைய ஐஆர்ஏ-வில் இருக்கிறது. புதிதாக 7,000 போட்டு, அந்த 7,000-ஐ மட்டும் மாற்றினீர்கள். மொத்தம் 70,000. அதில் வரி கட்டிய பங்கு 10 விழுக்காடு. ஆகவே மாற்றிய தொகையில் 700 டாலருக்குத்தான் விலக்கு. 6,300 டாலருக்கு வரி. "நான் புதுக் கணக்கிலிருந்துதானே மாத்தினேன்" என்ற வாதம் செல்லாது. மீதி 6,300 டாலர் அசல் தொலைந்துபோகாது, 14-ஆம் வரியில் அடுத்த ஆண்டுக்குப் போகும். ஆனால் இந்த ஆண்டு வரி கட்டியாக வேண்டும்.

கணக்கிடும் நாள் டிசம்பர் 31. மாற்றிய நாள் அல்ல. ஜூன் மாதம் சுத்தமாக மாற்றிவிட்டு, நவம்பரில் வேலை மாறி 401(கே) பணத்தை ஐஆர்ஏ-வுக்குக் கொண்டுவந்தாலும் கணக்கு கெட்டுவிடும்.

தப்பிக்க வழி உண்டா? இப்போதைய முதலாளியின் 401(கே) திட்டம் ஏற்றுக்கொண்டால், வரி கட்டாத பணத்தை ஆண்டு முடிவதற்குள் அங்கே நகர்த்திவிடலாம். 401(கே) இந்தப் பாத்திரத்தில் சேராது. கணவன் மனைவியின் கணக்குகளும் ஒன்றோடொன்று சேராது. அதனால்தான் இருவரும் செய்தால் ஆளுக்கொரு 8606 வேண்டும்.

மாற்றியதைத் திரும்பப் பெறலாமா என்றால், 2018 முதல் முடியாது. அதனால் முதலில் டிசம்பர் 31 நிலவரத்தை யோசித்துவிட்டு மாற்றுங்கள்.

மென்பொருளில் எங்கே தவறு நடக்கிறது?

டர்போடாக்ஸ் போன்ற மென்பொருளில் இந்த விவரங்கள் இரண்டு வெவ்வேறு இடங்களில் கேட்கப்படும். பணம் போட்டது கழிவுகள் பகுதியில். மாற்றியது வருமானப் பகுதியில், 1099-ஆர் வழியாக. வருமானப் பகுதியை மட்டும் முடித்தவுடன் திரையில் வரித்தொகை திடீரென ஏறும். அக்கா மிரண்டதும் அங்கேதான். கழிவுகள் பகுதியையும் நிரப்பியதும் அது இறங்கிவிடும்.

பணம் போட்டதைச் சொல்லும் இடத்தில் 'ராத் ஐஆர்ஏ' என்று தேர்ந்தெடுப்பது இன்னொரு பிழை. கடைசியில் பணம் ராத்தில்தான் இருக்கிறது என்றாலும், நீங்கள் போட்டது பாரம்பரிய ஐஆர்ஏ-வில். ராத் என்று சொன்னால், வருமானம் வரம்பைத் தாண்டியதால் அதிகப்படி பணம் போட்டதாக எடுத்துக்கொண்டு ஆண்டுக்கு 6 விழுக்காடு அபராத வரியைச் சேர்க்கும்.

கணவரின் 1099-ஆர் படிவத்தை மனைவியின் பெயரில் பதிவு செய்துவிட்டாலும் இதே குளறுபடிதான்.

சிங்கப்பூரில் வசிப்போருக்கு

இங்கே இரண்டு விஷயங்கள் தனியாக நிற்கின்றன.

முதலாவது, மணமானவர் தனியாகத் தாக்கல் செய்யும்போது. அமெரிக்கக் குடிமகள் ஒருவர் சிங்கப்பூர்க் குடிமகனை மணந்திருக்கிறார். கணவருக்கும் அமெரிக்க வரிக்கும் சம்பந்தம் இல்லை. அவரை அதற்குள் இழுக்க விரும்பாமல் மனைவி தனியாகத் தாக்கல் செய்கிறார். சேர்ந்து வாழும் தம்பதி அப்படித் தாக்கல் செய்தால் ராத் கணக்குக்கான வருமான வரம்பு வெறும் 10,000 டாலர்! சாதாரணச் சம்பளக்காரருக்கும் முன்வாசல் மூடிவிடுகிறது. பின்வாசல் என்பது பணக்காரர்களுக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இரண்டாவது, வெளிநாட்டுச் சம்பள விலக்கு. 2555 படிவத்தின்வழி 2025-க்கு 130,000 டாலர் வரையிலான வெளிநாட்டுச் சம்பளத்துக்கு விலக்குப் பெறலாம். ஆனால் முழுச் சம்பளத்துக்கும் விலக்குப் பெற்றுவிட்டால், ஐஆர்ஏ-வில் போடுவதற்குத் தகுதியான சம்பளமே இல்லை என்றாகிவிடும். அப்போது முன்வாசலும் இல்லை, பின்வாசலும் இல்லை. போட்டுவிட்டால் மேலே சொன்ன 6 விழுக்காடு அபராதம் வரும். விலக்குக்குப் பதிலாக, சிங்கப்பூரில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஏற்கெனவே விலக்கு முறையில் இருப்பவர் அதைக் கைவிட்டால் மீண்டும் அதற்குத் திரும்புவதில் கட்டுப்பாடு உண்டு. இந்த ஒரு முடிவுக்காவது அமெரிக்க வரி தெரிந்த கணக்காளரிடம் பேசுவது நல்லது.

வெளிநாட்டில் வசிப்போர் கணக்கைத் தாக்கல் செய்ய ஜூன் 15 வரை தானாகவே அவகாசம் கிடைக்கும். ஆனால் ஐஆர்ஏ-வில் பணம் போட ஏப்ரல் 15 தான் கடைசி. அவகாசம் அதற்குப் பொருந்தாது.

முந்தைய ஆண்டுகளில் விட்டுப்போயிருந்தால்?

சரிசெய்யலாம். 8606 தாக்கல் செய்யாததற்கான அபராதம் 50 டாலர். நியாயமான காரணம் இருந்தால் அதுவும் தள்ளுபடி ஆகலாம். விட்டுப்போன ஆண்டுக்கான படிவத்தை அந்த ஆண்டின் பதிப்பிலேயே நிரப்ப வேண்டும். இந்த ஆண்டுப் படிவத்தில் பழைய ஆண்டை எழுதக்கூடாது. வரித்தொகை மாறுகிறது என்றால் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவமும் சேர்ந்து போகும். பணத்தைத் திரும்பக் கேட்க, பொதுவாகத் தாக்கல் செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டு காலம் உண்டு.

எதை வைத்து நிரப்புவது? 5498 படிவத்தின் 1-ஆம் கட்டத்தில் நீங்கள் போட்ட தொகையும் 3-ஆம் கட்டத்தில் மாற்றிய தொகையும் இருக்கும். நிதி நிறுவனத்தின் இணையக் கணக்கில் பழைய ஆண்டுப் படிவங்களைத் தேடிப் பாருங்கள். 8606, 5498, 1099-ஆர் மூன்றையும் கணக்கில் உள்ள பணம் முழுவதையும் எடுக்கும்வரை வைத்திருக்கச் சொல்கிறது ஐஆர்எஸ். அதாவது பல பத்து ஆண்டுகள்.

அக்காவிடம் முந்தைய ஆண்டுக் கணக்கையும் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். 2023-இல் வரம்பு 6,500 டாலர். அவர் அதைப் போட்டு அதே ஆண்டு மாற்றியிருந்தார். 1040 படிவத்தின் 4பி வரியில் 6,500 என்று அப்படியே இருந்தது. 8606 படிவம் இல்லை. 24 விழுக்காடு என்று கணக்குப் போட்டால் 1,560 டாலர் வீணாகக் கட்டியிருக்கிறார். 2023-க்கான 8606 படிவத்தை நிரப்பி, 1040-எக்ஸுடன் சேர்த்து அனுப்பினார். பணம் திரும்ப வந்தது, சில மாதங்கள் கழித்து.